கினபத்தாங்கான் ஆற்றுப் படகுப் பயணம்: போகுமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

வேலைக்காகக் கோலாலம்பூர் வந்த பிறகு கினபத்தாங்கான் ஆற்றுக்கு நான்கு முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் குடும்பக் குழுவில் படம் போட்டதும் போன் வரும். சித்தப்பா கேட்டதையே அடுத்த வாரம் பழைய அலுவலக நண்பர் கேட்பார், அப்புறம் அவருடைய மைத்துனர் கேட்பார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலி மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கினபத்தாங்கானா? பேரே புதுசா இருக்கே, எங்க இருக்கு அது?

போர்னியோ தீவின் வடகிழக்கில், மலேசியாவின் சபா மாநிலத்தில். சுமார் 560 கி.மீ. நீளம், மலேசியாவில் ராஜாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு இதுதான். மலையில் பிறந்து, கிழக்கே சூலு கடலில் போய்ச் சேருகிறது.

விலங்கு பார்க்கப் போவது ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு. வெள்ளம் பரவும் சமவெளி அது. 2005இல் சுமார் 26,000 ஹெக்டேரைக் காட்டுயிர் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரே பரப்பாக இல்லை, ஆற்றோரமாகத் துண்டு துண்டாக இருக்கிறது. ஏன் துண்டு துண்டாக என்பது பெரிய கதை, கடைசியில் வருகிறேன். தங்கும் ஊர்கள் சுக்காவ், பிலிட், அபாய். மூன்றாவது ஊரின் பெயரைக் கேட்டு என் அத்தை பதறிப்போனார். பெயர்தான் அப்படி, அபாயம் ஒன்றும் கிடையாது.

தேக்கடி போட்டிங் மாதிரியா, இல்ல படகுலயே தங்கி சாப்பிட்டுப் போற மாதிரியா?

இரண்டும் இல்லை. தங்குவது கரையில், மரக்கால்கள் மேல் நிற்கும் விடுதியில் அல்லது கிராமத்து வீட்டில். அங்கிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை படகில் போய்வருவீர்கள். காலை 6 மணி வாக்கில் ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் இருட்டில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

படகு சின்னது. கூரையில்லாத ஃபைபர் படகு. எட்டுப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர். பின்னால் ஓட்டுபவர், கூடவே வழிகாட்டி. பல நேரம் இருவரும் ஒருவரே. தேக்கடிப் படகில் ஒருவர் "அதோ!" என்றால் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் எழுந்து நிற்கும் இல்லையா, அது இங்கே நடக்காது. நடந்தால் படகு சாய்ந்துவிடும். சின்னப் படகாக இருப்பதால்தான் மெனாங்குல் போன்ற ஒடுங்கிய கிளையாறுகளுக்குள் நுழைய முடிகிறது. அங்கே இரண்டு கரை மரங்களும் தலைக்கு மேல் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும். சில விடுதிகள் கிளையாற்றுக்குள் வந்ததும் பெட்ரோல் என்ஜினை நிறுத்திவிட்டு மின்மோட்டாரில் ஓட்டுகின்றன. பதிவு செய்யும்போது இது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அறையில் ஏசி இருக்கிறதா என்பதைவிட முக்கியமான கேள்வி அது.

ஊர்லேருந்து எப்படி வந்து சேர்றது?

சென்னை அல்லது திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம். அங்கிருந்து சண்டாக்கானுக்கு இன்னொரு விமானம், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சண்டாக்கானிலிருந்து சுக்காவுக்கு வேனில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இந்தச் சாலைப் பயணத்தில் தூங்கிவிடாதீர்கள். வழி நெடுக இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை மட்டும்தான் தெரியும். சலிப்பாக இருக்கும், ஆனால் பார்த்து வையுங்கள். பிறகு படகில் உட்காரும்போது அதன் அர்த்தம் புரியும்.

ஒரு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கான் உள்நாட்டு விமானம்தான், ஆனால் சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. இறங்கியதும் மறுபடி பாஸ்போர்ட் கேட்பார்கள். அதைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா விலக்கு கொடுத்து, பிறகு நீட்டியும் இருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு ராத்திரி தங்கினா போதாதா? லீவு இல்லை.

போதாது. என் முதல் பயணம் ஒரு ராத்திரிதான். மாலைப் படகு மழையில் போச்சு. காலைப் படகில் ஒன்றரை மணி நேரம் மூடுபனி. பனி விலகியபோது ஒரு கூட்டம் குரங்குகளைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வேனில் ஏறினேன்.

இரண்டு ராத்திரி என்றால் நான்கைந்து முறை படகில் போகலாம். ஒன்றிரண்டு மழையில் போனாலும் மீதி இருக்கும். மூன்று ராத்திரி கிடைத்தால் வேறு விஷயம். மூன்றாம் நாள்தான் கண் பழகும். வழிகாட்டி கைகாட்டுவதற்கு முன்பே கிளை ஆடுவது உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். நடுவில் ஒரு மாலை கோமந்தோங் குகைக்குப் போகலாம். பறவைக்கூடு சூப் என்று சீனர்கள் விலை கொடுத்துக் குடிப்பார்களே, அந்த உழவாரன் கூடுகளை எடுக்கும் குகை அது. அந்தி சாய்ந்ததும் வௌவால்கள் புகைபோலச் சுருண்டு வெளியேறும். கரப்பான்பூச்சிக்குப் பயந்தவர்கள் மட்டும் உள்ளே போக வேண்டாம். மிகைப்படுத்தவில்லை, தரையும் சுவரும் கைப்பிடியும் அதுதான்.

எந்த மாசம் வரலாம்?

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குப் பருவமழை. நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் அதே பருவக்காற்று இங்கே இன்னும் பிந்தி, இன்னும் கனமாக இறங்கும். ஆறு கரை மீறி, விடுதியின் மரப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். மற்ற மாதங்களில் மழையே இருக்காது என்று நினைக்காதீர்கள். மழைக்காடு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

சரி, நிச்சயமா என்னெல்லாம் பார்க்கலாம்? அதைச் சொல்லுங்க முதல்ல.

"நிச்சயம்" என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். நான்கு முறையும் பார்த்தவை: நீள்மூக்குக் குரங்கு, நீள்வால் குரங்கு, உடும்பு, முதலை, பாம்புத்தாரா, மீன்கொத்திகளில் இரண்டு மூன்று வகை, ஏதாவது ஓர் இருவாச்சி. பாதி நேரம் பார்த்தவை: ஒராங்குட்டான், வெள்ளி மந்தி, காண்டாமிருக இருவாச்சி. ஒரே ஒரு முறை: யானைக் கூட்டம், தட்டைத்தலைப் பூனை. ஒரு முறைகூடப் பார்க்காதவை: படைச்சிறுத்தை, சூரியக்கரடி.

இங்கே பத்து வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் இருக்கின்றன. வால்பாறையில் ஓர் இருவாச்சிக்காக அரை நாள் கழுத்து வலிக்க நின்றவர்களுக்கு இது நம்பமுடியாத கணக்கு. ஆனால் எட்டும் ஒரே பயணத்தில் வரிசை கட்டி வராது. தலைக்கவச இருவாச்சியின் குரலை ஒரு முறை கேட்டேன். விட்டு விட்டு ஒலித்து, வேகம் கூடி, கடைசியில் யாரோ வெடித்துச் சிரிப்பதுபோல முடியும். பறவையை இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பெரிய மூக்குக் குரங்கு ஏன் சாயங்காலமானா ஆத்தங்கரைக்கே வந்து உட்காருது? பழக்கி வச்சிருக்காங்களா?

பழக்கவில்லை. பகலில் காட்டுக்குள் இலையும் காயும் தின்றுவிட்டு, தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்குத் திரும்புகின்றன. ஒரு பக்கம் தண்ணீர் என்றால் படைச்சிறுத்தை வரக்கூடிய திசைகளில் ஒன்று குறைகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் இருந்தால் சுற்றிலும் பார்வை கிடைக்கும். விடிந்ததும் மறுபடி உள்ளே போய்விடும். மாலை 4 மணிப் படகும் காலை 6 மணிப் படகும் இவற்றின் நேரத்தை ஒட்டி வைத்தவைதான். பகல் பன்னிரண்டு மணிக்குப் படகு கேட்டால் விடுதிக்காரர் சிரிப்பார்.

தொப்பையைக் கவனியுங்கள். அது கொழுப்பில்லை, வயிறு. மாட்டைப் போலப் பல அறைகள் கொண்ட வயிற்றில் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. அதனால் பழுத்த இனிப்புப் பழம் இவற்றுக்கு ஆகாது; சர்க்கரை வேகமாக நொதித்து வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். வாழைப்பழம் கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

நீண்ட மூக்கு ஆணுக்கு மட்டும். பெண்ணுக்குச் சின்னதாக, நுனி தூக்கிய மூக்கு. ஓர் ஆண், பல பெண்கள், குட்டிகள் என்று ஒரு குடும்பம் இருக்கும். துணை கிடைக்காத ஆண்கள் தனிக் கூட்டமாகப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் இதை "ஓராங் பெலாண்டா" என்றார்கள், அதாவது டச்சுக்காரன். பெரிய மூக்கு, பெரிய வயிறு, சிவந்த முகம் என்று வந்திறங்கிய வெள்ளைக்காரர்களைப் பார்த்து வைத்த பெயர். இந்தக் குரங்குக்கு விரல்களுக்கிடையே கொஞ்சம் சவ்வு உண்டு, நன்றாக நீந்தும். ஆனாலும் ஆற்றைக் கடக்க ஒடுங்கிய இடமாகத் தேடி, உயரக் கிளையிலிருந்து எம்பிக் குதிக்கும். கீழே யார் காத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும்.

மூணு படகு போயும் ஒராங்குட்டான் வரலை. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. மூக்குக் குரங்கு போலக் கூட்டமாக, ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு வரும் பிராணி இல்லை அது. தனியாகத் திரியும், தாயோடு குட்டி இருக்கும், அவ்வளவுதான். தினமும் மாலை இலைகளை மடக்கிப் புதுக் கூடு கட்டிப் படுக்கும். ஆற்றோரமாகப் பழைய கூடுகள் நிறையத் தெரியும். பச்சையாக இருந்தால் புதுசு, பழுப்பானால் பழசு என்று வழிகாட்டி சொல்லிக் கொடுப்பார்.

ஒரு நுணுக்கம்: பழுத்த அத்தி மரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரிய அத்தி காய்த்துவிட்டால் ஒராங்குட்டான், இருவாச்சி, கிப்பன், மந்தி எல்லாம் ஒரே மரத்துக்கு வரும். ஆற்றில் மேலும் கீழும் ஓடித் தேடுவதைவிட அந்த மரத்தடியில் என்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்காருவது பலன் தரும். நான் பார்த்த இரண்டு முறையும் அப்படித்தான்.

எப்படியும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சண்டாக்கான் பக்கத்தில் செப்பிலோக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1964இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பும் இடம். அங்கே உணவு மேடைக்கு வரும்போது பார்த்துவிடலாம். நல்ல இடம்தான், ஆனால் ஆற்றோரத்தில் தற்செயலாக ஒரு கை இலைகளை விலக்குவதைப் பார்ப்பது வேறு.

போர்னியோல யானையும் இருக்காமே, உண்மையா?

உண்மை. நம் ஆசிய யானையின் துணையினம். உருவம் கொஞ்சம் சின்னது, முகம் உருண்டை, வால் தரையைத் தொடுகிற மாதிரி நீளம். மொத்தமே ஆயிரம் போல்தான். 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைத் தனியாக மதிப்பிட்டு, அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் சேர்த்தது.

பிரச்சினை என்னவென்றால் கூட்டம் ஆற்றை ஒட்டி மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் சுக்காவில் இருக்கும்போது அவை பாத்து பூத்தேயில் இருக்கலாம். படகோட்டிகள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். தூரம் அதிகமென்றால் எரிபொருளுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், அது நியாயம். என் மூன்றாம் பயணத்தில் ஒரு கூட்டம் கரைப்புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஆற்றைக் கடக்க இறங்கப் பார்த்தது. ஏழெட்டுப் படகுகள் படமெடுக்க நடுவில் வந்து நின்றன. முன்னால் நின்ற பெண் யானை தண்ணீரில் காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. எங்கள் படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை.

காண்டாமிருகம்?

இல்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம், இமான் என்ற பெண், சபாவில் பராமரிப்பில் இருந்தபடியே 2019 நவம்பரில் இறந்தது. பழைய பயண நூல்களில் இருக்கும் படத்தை நம்பிக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலை இருக்கிற ஆத்துல சின்னப் படகா? அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?

உவர்நீர் முதலை, நன்றாக வளர்ந்த ஆண் ஐந்து மீட்டருக்கும் மேல் போகும். படகைத் துரத்தாது. ஆனால் கையைத் தண்ணீரில் அளையவிடக் கூடாது, படித்துறையில் உட்கார்ந்து கால் நனைக்கக் கூடாது, நீந்தும் பேச்சே கிடையாது. உயிர்காப்பு உடையைப் புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றாதீர்கள்.

அம்மாவுக்கு முதலையைவிட முட்டிதான் சிக்கல். ஆடும் படகுக்குள் ஒரு பெரிய அடி எடுத்துவைத்து இறங்க வேண்டும், இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும், நடுவில் கழிவறை கிடையாது. இது முடியும் என்றால் தாராளமாக வரலாம். என் அம்மா அறுபத்தெட்டு வயதில் வந்தார். மாலை மட்டும் வந்துவிட்டு, இரவுப் படகுக்கு "நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

கொசு, அட்டை, மலேரியா?

படகில் அட்டை வராது. காட்டுக்குள் நடந்தால் வரும். முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை சண்டாக்கானில் கிடைக்கிறது. புலி அட்டை என்று ஒன்று உண்டு, இலை நுனியில் காத்திருந்து இடுப்புக்கு மேலும் ஏறும். அது கடித்தால் சுருக்கென்று தெரியும்.

மலேரியாவைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். சபாவில் இப்போது வருவது பெரும்பாலும் குரங்கு மலேரியா, நோலெசி என்ற வகை. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவது. கிளம்புமுன் மருத்துவரிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி இரண்டும் அவசியம். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் போர்னியோ போனதைச் சொல்ல மறக்காதீர்கள்.

நாங்க சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

சோறு உண்டு, கீரை உண்டு, முட்டை உண்டு, பழம் உண்டு. சிக்கல் "பெலாச்சான்" என்ற இறால் விழுது. கங்குங் கீரைப் பொரியல் பார்க்க நம் வீட்டுக் கீரை போலவே இருக்கும், அதற்குள் அது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் சமையற்காரர் அதை நீக்க மாட்டார். பெலாச்சான் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

பெரிய கேமரா வாங்கணுமா?

முதலில் ஒரு பைனாகுலர், 8x42 போதும். போனில் எடுத்த குரங்கு படத்தில் ஒரு பழுப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். மழைக்குத் தண்ணீர் புகாத பை வேண்டும். இரவில் ஃபிளாஷ் போடாதீர்கள். படகுக்கு ஒரு கை தூரத்தில் மீன்கொத்தி பந்துபோல உருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் மிரண்டு பறந்தால் இருட்டில் எங்காவது மோதிக்கொள்ளும். வழிகாட்டியின் விளக்கே போதும், அதையும் சில நொடிகளில் விலக்கச் சொல்லலாம்.

இன்னும் கிட்டப் போகச் சொல்லி டிப்ஸ் குடுத்தா போவாங்களா?

சிலர் போவார்கள். அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன். மேலே சொன்ன யானைக் கதையில் நடுவில் வந்து நின்ற படகுகளிலும் யாரோ ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டிருப்பார். நல்ல படகோட்டி தள்ளி நின்று என்ஜினை அணைப்பார். டிப்ஸை அதற்குக் கொடுங்கள், கொடுக்கும்போது எதற்கென்றும் சொல்லுங்கள்.

காட்டை அழிச்சிட்டாங்கன்னு படிக்கிறோம். அப்புறம் எப்படி இத்தனை விலங்கு கண்ணுல படுது?

இதைக் கேட்டது என் தங்கை மகள், பத்தாம் வகுப்பு. யோசித்துக் கேட்ட கேள்வி.

அழித்ததால்தான் இவ்வளவு எளிதாகப் படுகிறது. முதலில் 1950களிலிருந்து மரம் வெட்டினார்கள், பிறகு 1980களிலிருந்து எண்ணெய்ப்பனை வந்தது. வேனில் வரும்போது பார்த்து வையுங்கள் என்றேனே, அந்தப் பனைதான். பல இடங்களில் காடு ஆற்றோரமாக ஒரு பட்டை. படகிலிருந்து மரங்களின் இடுக்கில் பின்னால் பனை வரிசை தெரியும். முன்பு காடெங்கும் பரவியிருந்தவை இப்போது இந்தப் பட்டைக்குள் நெருங்கி வாழ்கின்றன. மூக்குக் குரங்கு எப்போதும் ஆற்றோரம் வரும் பிராணிதான். யானை அப்படியில்லை, அதற்கு நடக்க வேறு இடம் மிச்சமில்லை. பெரிய மரங்கள் போனதால் கிளை விட்டுக் கிளை தாண்ட முடியாத ஒராங்குட்டான்களுக்காகக் கிளையாறுகளின் மேல் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். சுக்காவில் 1998 முதல் இயங்கும் ஹூத்தான் என்ற அமைப்பு, ஊர்க்காரர்களான ஓராங் சுங்கை மக்களை வைத்தே இதுபோன்ற வேலைகளைச் செய்கிறது. சுக்காவில் ஆற்றுக்குக் குறுக்கே சாலைப் பாலம் கட்டும் திட்டமும் இருந்தது. எதிர்ப்புக்குப் பின் 2017இல் கைவிட்டார்கள்.

பாமாயில்தான் காரணம்னா, நாம என்ன பண்ண முடியும்? அது மலேசியாக்காரங்க விஷயம்தானே?

உலகத்தில் பாமாயிலை அதிகம் இறக்குமதி செய்வது இந்தியா. ரேஷன் கடையில் நாம் வரிசையில் நின்று வாங்கும் பாக்கெட்டும் பாமாயில்தான். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. விலைக்காக வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்வது சுலபமான புத்திமதி. ஏக்கருக்கு இவ்வளவு எண்ணெய் தரும் வேறு பயிரும் இல்லை. எல்லாரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் அதற்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். இங்கே கேட்கப்படுவது இன்னும் சின்ன விஷயம்: பனையை ஆற்றின் விளிம்பு வரை நடாமல் கரையோரக் காட்டைத் திருப்பி விடுவது, துண்டுகளை இணைப்பது.

அப்போ நாம படகுல போறதே அதுங்களுக்குத் தொந்தரவு இல்லையா?

கொஞ்சம் தொந்தரவுதான். ஒரு ஆகஸ்ட் மாலை மெனாங்குல் கிளையாற்றில் பதினேழு படகுகள் எண்ணினேன். மூக்குக் குரங்குகள் பொருட்படுத்தாததுபோல உட்கார்ந்திருந்தன. வெள்ளி மந்திகள் உள்ளே போய்விட்டன. இன்னொரு பக்கம், படகு ஓட்டுவதும் அறை வாடகையும் இருப்பதால்தான் அந்த ஊர்ப் பையன்கள் சிலர் தோட்ட வேலைக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். மெனாங்குலுக்கு ஒரு காலை மட்டும் போகிறேன். மாலையில் பெரிய ஆற்றிலோ ரெசாங் கிளையாற்றிலோ விடச் சொல்கிறேன். கிராமத்து வீட்டில் தங்குகிறேன். கட்டில் கெட்டி, மின்விசிறி சத்தம் போடும், ஆனால் வீட்டுக்காரரே படகோட்டி. போன முறை அவர் ஐந்தரைக்கே எழுப்பினார். வெளியே இன்னும் இருட்டு. வீட்டுக்குப் பின்னால் அத்தி பழுத்திருக்கிறது, காப்பி அப்புறம் குடிக்கலாம் என்றார்.